பதினேழு வயதுப் பாறை: ரீயூனியன் தீவில் ஒரு வாரம்

மே 4, 2024, சனி. குரோம்பேட்டை

கத்திரி இன்று தொடங்கிவிட்டது. தேர்தல் வேலை, விடைத்தாள் வேலை எல்லாம் முடிந்து, இன்றுதான் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தேன்.

22 வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு எரிமலைப் படம் வரைகிறேன். அடியில் மாக்மா அறை, நடுவில் குழாய், உச்சியில் வாய், சிவப்புச் சாக்பீஸில் வழியும் குழம்பு. கண்ணை மூடிக்கொண்டுகூட வரைந்துவிடுவேன். ஆனால் ஒரு எரிமலையையும் நேரில் பார்த்ததில்லை. கல்யாணமாகி 20 வருடம் ஆகிறதே, என்ன வேண்டும் என்று இவர் கேட்டபோது, யோசிக்காமல் அதைத்தான் சொன்னேன். மூன்று வருடச் சீட்டுப் பணம் அதற்குப் போகிறது.

போவது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு. ஏன் அங்கே என்று மாமியார் கேட்டார். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தையே எரிமலைக் குழம்பால் மூடிய அதே வெப்பம்தான் இன்று அந்தத் தீவுக்கு அடியில் இருக்கிறது. அப்போது அதன் மேல் இந்தியா இருந்தது. நாம் வடக்கே நகர்ந்து வந்துவிட்டோம். நகர்ந்த வழியில் லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று தடம் விழுந்திருக்கிறது. மாமியாருக்கு நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, கிண்டி எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் இவர் சட்டென்று சொன்னார்: "கேஸ் டார்ச்சை அசையாமப் பிடிச்சுக்கிட்டு மேல தகட்டை நகர்த்துற மாதிரி, அவ்வளவுதானே?" இந்த வருடம் வகுப்பில் இப்படித்தான் சொல்லப் போகிறேன்.

மகளுக்குப் பிளஸ் டூ சிறப்பு வகுப்பு. பாட்டியோடு இருப்பாள்.

மே 6, திங்கள். சான்-தெனி

மொரீஷியஸ் வழியாக வந்தோம். அங்கிருந்து முக்கால் மணி நேரம்தான். ரீயூனியன் பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம் மாதிரி, பணமும் யூரோதான். ஆனால் ஐரோப்பா போகிற ஷெங்கன் விசா இங்கே செல்லாது. நாங்கள் இந்தத் தீவுக்கென்றே தனியாக வாங்கினோம். கிளம்ப நினைக்கிறவர்கள் இதை முதலில் கவனியுங்கள்.

கார் வலப்பக்கம் ஓட வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம். கியருக்காக இவருடைய இடது கை கதவைத் தடவித் தடவித் திரும்பியது. ஒவ்வொரு ரவுண்டானாவிலும் நான் "வலது, வலதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சாயங்காலத்துக்குள் கை பழகிவிட்டது. 30 வருடம் லேத்தில் பழகிய கை அது.

மே 7, செவ்வாய். சிலாவோஸ்

மேற்கே புறப்பட்டோம். சான்-தெனியை விட்டதும் கடலுக்குள்ளேயே தூண் நிறுத்தி 5 கிலோமீட்டருக்கு மேல் பாலம் கட்டியிருக்கிறார்கள். பழைய சாலை மலைச்சுவரை ஒட்டிப் போகிறது, மழை பெய்தால் மேலே இருந்து பாறை விழுமாம்.

அந்தப் பக்கம் லா கிராந்த் ஷலூப் என்ற பள்ளத்தாக்கில் ஒரு பழைய தனிமை முகாம் இருக்கிறது. இங்கே அடிமை முறை 1848 டிசம்பர் 20-இல் ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், மதராஸ் துறைமுகங்களிலிருந்து நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி வந்தார்கள். கப்பலில் காலரா, அம்மை வந்திருக்கும் என்று முதலில் இந்தக் கட்டடத்தில் அடைத்து வைத்தார்கள். கருங்கல் சுவர், உயரத்தில் ஜன்னல், கதவைத் தாண்டினால் கடல். கடைசி முக்கால் மணி நேரம் நாங்கள் பறந்து வந்த கடல் அது. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை, நானும் கழற்றினேன்.

மத்தியானம் சிலாவோஸ் ஏற்றம். 400 வளைவு என்கிறார்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி ஏறியவர்தான் என்றாலும், இங்கே சில இடங்களில் ஒரு கார் நின்றால்தான் இன்னொரு கார் போக முடியும். பஸ் வந்தால் நாம் பின்னால் போக வேண்டும். மேலே போனால் சுற்றிலும் செங்குத்துச் சுவர், நடுவில் ஊர், பெரிய அண்டாவுக்குள் உட்கார்ந்த மாதிரி. ஓய்ந்துபோன பழைய எரிமலையை மழை அரித்துச் செதுக்கிய பள்ளம் இது. தீவின் உயரமான சிகரமான பித்தோன் தெ நேஜ், 3,070 மீட்டர், தலைக்கு மேலே நிற்கிறது.

ராத்திரி சாப்பாட்டில் சிலாவோஸ் பருப்பு வந்தது. இந்த மலைத்திட்டுகளில் விளைவது, சின்னது, மண் வாசனை அடிக்கிறது. சோற்றோடு பிசைந்து சாப்பிட்டோம். பக்கத்தில் 'ருகாய்' என்று தக்காளி, மிளகாய், இஞ்சி இடித்த துவையல். அந்தப் பெயர் நம் ஊறுகாயிலிருந்து வந்தது. 'காரி' என்றால் கறி. கீரை ஒன்று கேட்டேன், 'ப்ரேத் முருங்' என்றார் அந்த அம்மா. முருங்கைக் கீரை! அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவரும் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு "முருங்கை", "முருங்" என்று மாறி மாறிச் சொன்னோம்.

மே 8, புதன்

இறங்கினோம். சான்-பியேரில் தங்கல். நரசிங்கப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்தோம். கோபுரம் நம்முடையதுதான். சீக்கிரம் படுத்துவிட்டோம்.

மே 9, வியாழன். எரிமலை

அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஒன்பது, பத்து மணிக்குள் மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும்.

முதலில் மாட்டுப் பண்ணை, பச்சைப் புல். பிறகு ஒரு திருப்பத்தில் பச்சை நின்றுவிடுகிறது. கீழே செம்பழுப்பு நிறத்தில் ஒரு சமவெளி, மணற்பரப்பு என்றே பெயர். அதன் நடுவே மண் பாதை, பள்ளமும் மேடும். பாதி வழியில் பின் டயர் பஞ்சர். குளிர் விரலைக் கடிக்கிறது. வாடகை வண்டியோடு வந்த ஜாக்கி பாதியில் மக்கர் செய்தது. பின்னால் வந்த ஒரு பெரியவர் தன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் பத்து நிமிடத்தில் சக்கரத்தை மாற்றினார்கள். போகும்போது அவர் நெஞ்சில் கை வைத்துக் கும்பிடுகிற மாதிரி ஒரு சைகை செய்தார்.

பா த பெல்கோம்ப் விளிம்பில் போய் நின்றேன். கீழே பெரிய வளையம், அதன் நடுவே பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். கடைசியாகப் போன வருடம் ஜூலையில் வெடித்து ஆகஸ்டில் அடங்கியது. புகை இல்லை, நெருப்பு இல்லை.

என் படம் தப்பு. போர்டில் நான் வரைவது கூம்பு, கூர்மையாக. இது அகலமாக, ஒருக்களித்துப் படுத்த யானை மாதிரி சாய்ந்து கிடக்கிறது. குழம்பு தண்ணீராக ஓடினால் கேடய எரிமலை, சரிவு குறைவாக இருக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. நானும் சொல்லித்தான் கொடுக்கிறேன். இருந்தாலும் வரையும்போது கை கூம்பையே போடும்.

படிகளில் இறங்கி ஃபோர்மிக்கா லியோ என்ற சின்னச் செம்மண் குன்று வரை நடந்தோம். 1753-இல் உண்டானது. அதற்குள் மேகம் வந்துவிட்டது. இந்த மலையின் ஓர் ஓரத்தில்தான் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது, உலக சாதனை. சென்னைக்கு ஒரு வருடத்துக்கே சுமார் 1,400-தான். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தவள் நான். அந்த எண்ணை நினைத்துக்கொண்டே மேகத்துக்குள் படியேறினேன்.

மே 10, வெள்ளி. கிரான் ப்ருலே

இந்தப் பயணத்தில் இந்த ஒரு நாள் போதும் எனக்கு.

சான்-பிலிப்பைத் தாண்டியதும் காடு. திடீரென்று காடு அறுந்து கறுப்பு. சாலையோரத்தில் ஒரு பலகை, அதில் ஒரு வருடம்: 2007. மலையிலிருந்து கடல் வரை ஒரே கறுப்பு ஓட்டம், அதன் மேலேயே சாலை போட்டிருக்கிறார்கள். பிறகு வேறு பலகைகள், 2004, 2005, 2002. வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்தேன். இவர் ஒவ்வொரு பலகைக்கும் வண்டியை நிறுத்தினார். திரும்பவும் 2007-க்கே போகலாமா என்று கேட்டேன். திருப்பினார்.

2007 ஏப்ரல். இந்த நூற்றாண்டில் இந்த மலையின் மிகப் பெரிய வெடிப்பு. உச்சியிலிருந்த பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியது. குழம்பு சாலையைத் தின்று கடலுக்குள் போய்த் தீவுக்குப் புது நிலம் சேர்த்தது. அதே ஏப்ரலில், குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் நான் மகளைக் கையில் வாங்கினேன்.

உட்கார்ந்து பார்த்தேன். பால் ஏடு சுருங்கின மாதிரி ஒரு இடம், முறுக்கிய தாம்புக்கயிறு மாதிரி ஒரு இடம். உடைந்த விளிம்பில் கண்ணாடிப் பளபளப்பு, அதில் கடுகளவு பச்சைப் படிகங்கள். ஆலிவின் என்ற கனிமம். பூமிக்கு அடியிலேயே உருவாகிக் குழம்போடு மிதந்து வந்தவை. மேற்பரப்பில் சாம்பல் நிறத்தில் மொரமொரப்பாக லைக்கன், நம் கல்பாசி வகை, படர்ந்திருக்கிறது. முதலில் வருவது அதுதான். விரிசலில் விரல் நீளத்துக்கு ஒரு பெரணி. அதன் அடியில் ஒரு சிட்டிகை மண். நகத்தால் தொட்டுப் பார்த்தேன், ஈரம்.

எரிமலை என்றால் அழிவு என்றே நான் பாடம் நடத்தியிருக்கிறேன். நன்மைகள் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு நாலு வரி எழுதிப் போடுவேன். நான் உட்கார்ந்திருந்த இடம் என் மகளை விடச் சில நாள் மூத்தது, அவ்வளவுதான். அதற்கு முன் அதன் கீழே காடு இருந்தது.

"அவளுக்கு போட்டோ அனுப்பு" என்றார் இவர். அனுப்பினேன். "என் வயசா?" என்று பதில் வந்தது.

சாந்த்-ரோஸ் பக்கம் ஒரு தேவாலயம். 1977-இல் குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்து, கோயில் வாசலில் வந்து இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போனது. வாசற்படியில் இன்னும் அந்தக் கறுப்பு உறைந்து நிற்கிறது.

மே 12, ஞாயிறு. சான்-அந்திரே

இரண்டு நாளும் சாலையோரம் கரும்பு, ஆள் உயரத்துக்கு மேல். இந்த ஊரில் நம் முகம் அதிகம். கோயிலில் ஒரு பாட்டி என் தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

வனிலாத் தோட்டம் பார்த்தோம். கொடியில் பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாக. மெக்சிகோவிலிருந்து வந்த கொடி, இங்கே காய்க்கவே இல்லை. 1841-இல் எத்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியும் கட்டைவிரலும் வைத்து மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள், ஒவ்வொரு பூவுக்கும் கையால். ஆல்பியுஸ் என்ற குடும்பப் பெயர் விடுதலைக்குப் பிறகுதான் கிடைத்தது. 1880-இல் வறுமையில் இறந்தார். என் வகுப்பில் எல்லாருக்கும் 12, 13, 14 வயது.

மே 19, ஞாயிறு. பரங்கிமலை

ஊருக்கு வந்து நாலு நாள். வெயில் தணிந்ததும் மூவரும் பரங்கிமலைக்கு வந்தோம். கிண்டியிலிருந்து பல்லாவரம் வரை எங்கள் காலடியில் கிடப்பது சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இந்தக் கல் இருந்ததால் வந்த பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டு. இதன் பக்கத்திலேயே இத்தனை வருடம் ரயிலில் போய் வந்திருக்கிறேன்.

மகள் பாறையில் கை வைத்தாள். எண்ணெய் தடவின மாதிரிக் கருநீலம். மணி ஏழாகியும் சூடு இறங்கவில்லை.

"அந்தப் பாறையும் இப்படிச் சுடுமாம்மா?"

"இல்லைடா. மழை பெஞ்சு ஜில்லுனு இருந்தது."

கீழே ஓடுபாதையில் விளக்கு போட்டுவிட்டார்கள். ஒரு விமானம் ஏறிக் கிழக்கே கடல் பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.