அலுமாரியில் கிடந்த 47 புத்தகங்கள்

பொங்கலுக்கு முந்தின வாரம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவென்று புத்தக அலுமாரியைச் சுவரை விட்டு நகர்த்தினோம். பின்பலகை முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம். எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்பியபோது, படித்ததை ஒரு பக்கமும் படிக்காததை ஒரு பக்கமுமாகப் பிரித்தேன். படிக்காதவை 47. சிலவற்றுக்குள் கடை ரசீதுகூட மடிப்புக் கலையாமல் இருந்தது. அன்று ராத்திரியே ஒரு கொப்பியில் 47 பெயர்களையும் எழுதினேன். இந்த வருசம் புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை, இருப்பதைப் படிப்பது என்று முடிவு. இப்போது ஒக்டோபர். நடந்ததை எழுதி வைக்கிறேன்.

படிப்பதற்கு முன் பூஞ்சணத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். தென்மேல் பருவமழை வைகாசியில் பிடித்தால் காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே காகிதத்தில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை அலுமாரிக்குள் வைத்தேன். ஜூலையில் அது 88 காட்டியது. முதலில் நான் செய்த தப்பு, புத்தகங்களை முற்றத்து வெயிலில் விரித்துப் போட்டது. ஒரே மத்தியானத்தில் இரண்டு அட்டைகள் வளைந்துவிட்டன, ஒன்றுக்கு முதுகுப் பசை வெடித்தது. அப்புறம்தான் நிழலில், காற்றோட்டமான இடத்தில், பக்கங்கள் விசிறி மாதிரி விரியும்படி நிறுத்தி வைக்கப் பழகினேன். நன்றாகக் காய்ந்த பிறகு வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் உள்ளிருந்து வெளியே தட்டினால் போதும். ஈரத்துணி மட்டும் கூடாது, பூஞ்சணத்தைத் தேய்த்துப் பரப்பிவிடும். அலுமாரி இப்போது சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கிறது. முதுகுப் பசையை இராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும் என்பதால் தட்டுக்குத் தட்டு வசம்பைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். பூச்சி உருண்டை வாசனை எனக்குத் தலைவலி.

சரி, படிப்பு. மெல்லிய புத்தகங்களாக முதலில் முடித்தால் கணக்கு ஏறும், உற்சாகம் வரும் என்று நினைத்தேன். பெப்ரவரியில் ஐந்து முடிந்தது. ஐந்தில் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. மார்ச்சில் பாடசாலை விளையாட்டுப் போட்டி வேலை வந்தது, கொப்பியை மூடி வைத்தவள் மூன்று வாரம் திறக்கவே இல்லை. திரும்ப எடுத்த அன்று, ஒவ்வொரு பெயருக்கும் நேரே அந்தப் புத்தகம் எப்படி வீட்டுக்கு வந்தது என்று எழுதினேன். இது கொழும்பில் செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில், ரயில் காசை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு வாங்கியது. இது ஓய்வு பெற்றுப் போன ஆசிரியை என் கையில் வைத்துவிட்டுப் போனது. இது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. எழுதி முடித்தபோது வரிசை தானாகவே மாறிவிட்டது. யாரை நினைத்தால் கை புத்தகத்துக்குப் போகிறதோ அதை முதலில் எடுத்தேன். அதற்குப் பிறகு வேலை நின்றதே இல்லை.

நோர்வூட் பஸ்ஸில் வாசிக்க முடியாது, அந்த வளைவுகளில் தலை சுற்றும். ரயில் அப்படி இல்லை. ஏப்ரலில் ஒரு பயிற்சிக்காகப் பதுளை போக வேண்டியிருந்தது. மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுப்பை எடுத்துக்கொண்டேன். 1979இல் வந்த புத்தகம். அட்டன் நிலையம் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தபோது, பாதி வாக்கியத்தில் இருட்டாகிவிட்டது. விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு வெளிச்சம் வரக் காத்திருந்தேன். அவர் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை, பதுளைப் பக்கத்துத் தோட்டம். அந்தத் திசைக்கே போகிற ரயிலில் அவரைப் படித்தது எனக்குப் பெரிய விசயமாக இருந்தது. அவர் 2022இல் காலமானார். அவர் இருந்த காலத்திலேயே இந்தப் புத்தகம் என் அலுமாரியில் எட்டு வருசம் கிடந்தது. அதை நினைக்கையில் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மே மாதம் மழை பிடித்துக்கொண்டதும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அம்மா 34 வருசம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் கண் வலிக்கிறது என்று வைத்துவிடுவார். என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுப்பை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போன பிறகுதான் அவர் கையைக் கவனித்தேன். வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கம்பளியின் மயிரைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற அதே அசைவு. வேலையை விட்டுப் பதினோரு வருசம் ஆகிறது.

கொழுந்து நிறுக்கிற பேச்சு வந்ததும் "நில்லு புள்ள" என்றார். "தராசில ஏத்தினதும் கூடைக்குன்னு ஒரு கிலோ, தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சிருவாங்க. மழை நாளுன்னா கூட. வெயில் நாள்லயும் தண்ணிக்குன்னு கழிச்சாங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

"நீங்க கேக்கலையாம்மா?"

"கேட்டேன். அன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க."

அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். 34 வருசத்தில் அம்மா இதை எங்களிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு நாலு பக்கம்தான் வாசித்தோம், மற்ற நேரமெல்லாம் அம்மாதான் பேசினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போன நாள், என்னைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலை ஏறின முதல் நாள், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின மலையில் கால் கிழிந்தது. அந்தத் தொகுப்பை முடிக்க ஆறு வாரம் ஆனது. அவர் சொன்னவற்றைக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன். இந்த வருசம் நான் படித்ததில் மிக நல்லது எது என்று கேட்டால் அந்தப் பின்பக்கங்களைத்தான் சொல்வேன்.

கைவிட்டவை நாலு. எல்லாம் வாழ்க்கையில் வெற்றி பெறுவது பற்றியவை, ஐம்பது பக்கம் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஒன்பது புத்தகங்களைப் படிக்காமலேயே பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்தேன். அவை சிறுவர் கதைகளும் விஞ்ஞானப் புத்தகங்களும். என்னிடம் இருப்பதைவிட அங்கே இருப்பதுதான் சரி.

அப்புறம் அப்பாவின் டிரங்குப் பெட்டி. அதில் இருந்தது மு. வரதராசனின் 'அகல் விளக்கு'. அப்பாவுடையது அல்ல, சித்தப்பாவுடையது. இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்கள் எந்த நாட்டுக்கு உரியவர்கள் என்று இலங்கையும் இந்தியாவும் முடிவு செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பது என்று கணக்குப் போட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இந்த நாடு, சித்தப்பாவுக்கு அந்த நாடு. சித்தப்பா போனது 1977இல். மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை எங்கள் பக்கம் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். கொண்டுபோகிற சாமானைக் குறைக்க வேண்டும் என்று சித்தப்பா இந்தப் புத்தகத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா படித்தாரா என்று தெரியாது. நானும் படிக்கவில்லை.

ஓகஸ்ட்டில் எடுத்தேன். தாள் பழுப்பேறி ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. 112ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கட். மெல்லிய காகிதம், எழுத்து மங்கிவிட்டது. டிக்கட் இருந்த இடத்தில் மட்டும் தாள் வெளிறி, அதன் அளவுக்கே நீளச் சதுரமாக ஒரு தடம் இருந்தது. அதற்கு முந்தின பக்கங்களில் மூலைகள் மடிந்திருக்கின்றன. 112க்குப் பிறகு ஒரு மடிப்பும் இல்லை.

தமிழ்நாட்டில் கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பாவை வட்ஸ்அப்பில் அழைத்தேன். அவருக்கு 76 வயது. ஓய்வு பெறும் வரை அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை.

"சித்தப்பா, 'அகல் விளக்கு' ஞாபகம் இருக்கா? 112ஆம் பக்கத்துல உங்க டிக்கட் இருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அந்தச் சந்திரன் பையன் என்ன ஆனான்மா?" என்றார். "வேலய்யனோட கூட்டாளி. ரெண்டு பேரையும் நான் நடுவிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"அங்க இந்தப் புத்தகம் கிடைக்குமே சித்தப்பா, வாங்கிப் படிக்கலையா?"

"கிடைக்கும். அது இங்க உள்ள புத்தகம். நான் விட்டது அங்கல்ல இருக்கு."

கதையைச் சொல்லிவிடவா என்று கேட்டேன். வேண்டாம், வாசி என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சாயந்தரம் ஏழு மணிக்கு அழைக்கிறேன். 112இலிருந்து தொடங்கலாமா என்றதற்கு, முன்னுக்குள்ளது மறந்துபோச்சு, முதலிலிருந்தே போ என்றார். ஒரு வாரத்துக்குப் பதினைந்து பக்கம். மழை பலமாகப் பெய்து சிக்னல் அறுந்தால் விட்ட வரியை அவரே சொல்லித் தருவார். அம்மாவும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். கொழுந்தனும் அண்ணியும் இத்தனை வருசத்தில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கோத்தகிரியில் பனி இறங்கிவிட்டதா, இங்கே கொழுந்து எப்படி என்று கதை நடுவில் பேச்சு எங்கெங்கோ போகும். நான் விரலை வரியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

கொப்பிக் கணக்கு இப்போது: படித்தது 21, கொடுத்தது ஒன்பது, கைவிட்டது நாலு, மீதி 13. 'அகல் விளக்கு' இன்னும் மீதியில்தான் இருக்கிறது. போன ஞாயிறு 105இல் நிறுத்தினோம். டிக்கட்டை எடுக்காமல் அதே இடத்தில் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அந்தப் பக்கம் வரும்.