மழையோடு வரும் சீசன்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் நர்சரி நடத்துபவர்களுக்குச் சீசன் என்றால் ஆயுத பூசையில் தொடங்கிப் பொங்கலோடு முடிகிற மூன்று மூன்றரை மாதம்தான். தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் இதற்குள் அடக்கம். வடகிழக்குப் பருவமழையும் இதே மாதங்களில்தான் கொட்டுகிறது. ஆட்கள் வாங்க வருகிற நேரத்தில் செடிகள் அழுகவும் தயாராக நிற்கும். விற்பனையைக் கூட்டுவது பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் பேனர், தள்ளுபடி, சீரியல் விளக்கு என்று தொடங்குகிறார்கள். அதெல்லாம் கடைசி வாரத்து வேலை. சரியான தேதியில், சரியான உயரத்தில், பூவோ மொட்டோ இருக்கும் செடி கையில் இல்லாவிட்டால் பேனர் எதையும் விற்றுத் தராது. அந்தச் செடிக்கான வேலை ஆடியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

முதல் சிக்கல் தீபாவளித் தேதி. 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. தொட்டியில் விற்கும் குட்டை ரகச் செண்டுமல்லி விதைத்து 50 முதல் 60 நாளில் பூக்கும். அறுபது நாள் பின்னோக்கி எண்ணினால் முதல் ஆண்டுக்கு விதைப்பு ஆகஸ்ட் 21, அடுத்த ஆண்டுக்கு செப்டம்பர் 9. போன வருஷம் விதைத்த தேதியிலேயே இந்த வருஷமும் விதைத்தால், பண்டிகைக்கு முன்பே பூ முற்றிக் காய்ந்து நிற்கும். அல்லது வெறும் இலையாக நிற்கும். நுனி கிள்ளினால் செடி அடர்த்தியாகும், ஆனால் பூ ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும். அந்த நாட்களையும் சேர்த்தே விதைக்க வேண்டும். ஒரே நாளில் எல்லா நாற்றுத் தட்டையும் விதைக்காமல், ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைப்பது பாதுகாப்பு.

செவ்வந்தி வேறு விதம். இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். நம் பக்கம் தானாகப் பூக்கிற நாட்டுச் செவ்வந்தி பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில்தான் முழுதாகப் பூக்கிறது. தீபாவளிக்குப் பூத்த தொட்டி வேண்டுமென்றால் ஓசூர், பெங்களூர் பக்கத்துப் பசுமைக்குடில் சரக்கைத்தான் நம்ப வேண்டும். சொந்தமாக வளர்ப்பவர்கள் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. தெருவிளக்கோ, காவலாளி அறையின் டியூப்லைட்டோ இரவு முழுக்க விழுகிற வரிசை மட்டும் பச்சையாகவே நிற்கும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போடுவார்கள், செடி மேலும் இலைதான் விடும். விளக்கை அணைக்க முடியாவிட்டால் தொட்டிகளை இடம் மாற்றுவதுதான் வைத்தியம்.

ரோஜாவுக்குக் கவாத்து செய்து ஏறத்தாழ 45 நாளில் பூ வரும். புத்தாண்டுக்கு வேண்டுமென்றால் நவம்பர் நடுவில் வெட்ட வேண்டும். சரியாக அடைமழை நேரம். வெட்டுவாயில் தண்ணீர் நின்றால் குச்சி மேலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். மழை விட்ட நாளாகப் பார்த்து, மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டிய அன்றே காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைப் பசையாகக் குழைத்துத் தடவிவிட வேண்டும். காகிதப்பூவை இந்தச் சீசனில் முன்வரிசையில் வைப்பது வீண். வேர் காய்ந்தால்தான் அது பூக்கும், மழையில் இலையைத்தான் தள்ளும். ஓரமாக வைத்திருந்து தை பிறந்த பிறகு முன்னுக்குக் கொண்டுவரலாம்.

அதிகப் பணம் புரள்வதும் அதிகம் நஷ்டமாவதும் கிறிஸ்துமஸுக்கு விற்கும் பாயின்செட்டியாவில்தான். சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, இலை. அந்த நிறம் ஏற, தினமும் 14 மணி நேரம் இடையறாத இருட்டை எட்டுப் பத்து வாரம் கொடுத்து வளர்க்கிறார்கள். சென்னையில் அக்டோபர் இரவுகளின் வெப்பமே நிறத்தைத் தாமதப்படுத்திவிடும் என்பதால், நிறம் ஏறிய செடியை மேட்டுப் பகுதியிலிருந்து இறக்குவதே சரி. வாங்கும்போது சிவப்பை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. நடுவில் மணி மணியாக இருக்கும் உண்மையான பூக்கள் இறுக்கமாக, பச்சையும் மஞ்சளுமாக இருந்தால் செடி இளசு. அவை விரிந்து மகரந்தம் கொட்டியிருந்தாலோ உதிர்ந்திருந்தாலோ அந்தச் செடி கடையில் அதிக நாள் தாங்காது.

லோடு இறங்கிய அன்றே காகித உறையைக் கழற்றிவிட வேண்டும். உறைக்குள் எத்திலீன் வாயு தேங்கி இலைக்காம்பு தொங்கிவிடும்; தண்ணீர் ஊற்றினாலும் உடனே நிமிராது. பளபளப்புத் தாள் சுற்றி விற்பவர்கள் அடியில் துளை போட மறக்கிறார்கள். தண்ணீர் உள்ளேயே தேங்கி, நாலைந்து நாளில் வேர் அழுகி, வாங்கியவர் கையில் செடியோடு திரும்பி வருவார். எண்ணிக்கையிலும் ஆசை கூடாது: விற்றுவிடும் என்று மனம் சொல்வதில் முக்கால் பங்கு போதும், அதையும் டிசம்பர் முதல் வாரக் கடைசியில் ஒன்று, 18ஆம் தேதியை ஒட்டி ஒன்று என இரண்டு லோடாகப் பிரித்து இறக்க வேண்டும். 26ஆம் தேதி காலையில் அந்தச் செடிக்கு விலையே கிடையாது. பால் வடிகிற செடியையும் முள் செடியையும் வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று நினைக்கும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. அவர்களிடம் பால் வடிகிற பாயின்செட்டியாவையோ கள்ளியையோ பரிசாகத் தள்ளப் பார்க்காமல் மணி பிளாண்ட் பக்கம் கூட்டிப்போவது மேல்.

கிறிஸ்துமஸ் மரம் என்று நம் நர்சரிகளில் விற்பது அரோகேரியா. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்த கன்று நிமிராது, ஆயுள் முழுக்கப் படுத்தவாக்கில்தான் வளரும். விதைக் கன்றா, நுனித் தண்டில் எடுத்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். ஐந்து கிளையும் ஒரே மட்டத்தில் சக்கரம்போல் நிற்பது நல்ல கன்று. அடிக்கிளை ஒருமுறை போனால் திரும்ப முளைக்காது; ஆகவே நெருக்கி அடுக்கக்கூடாது, லாரியில் கிளைகளை மேல்நோக்கி மடித்துக் கட்டித்தான் ஏற்ற வேண்டும். வீட்டுக்குள் இரண்டு வாரம், பிறகு வெளிச்சத்துக்கு, என்று சொல்லி அனுப்பினால் அடுத்த வருஷம் அதே மரத்துக்குப் பெரிய தொட்டி வாங்க அவர்களே வருவார்கள்.

மழைக்கான ஏற்பாடுகளில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து. 2015 டிசம்பர் தொடக்கத்து வெள்ளம், 2016 டிசம்பர் 12இல் வர்தா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். மூன்றுமே சரக்கு நிறைந்திருக்கும் வாரங்கள். புயல் அறிவிப்பு வந்தால் முதலில் நிழல்வலையைச் சுருட்டி இறக்குங்கள். விரித்த வலை பாய்மரம்போல் காற்றை வாங்கிக் கம்பத்தையே பிடுங்கிவிடும், செடிகள் மேல் விழுவது அந்தக் கம்பம்தான். உயரமான செடிகளைப் படுக்க வைத்துவிடலாம். தொட்டிகள் தரையில் உட்காரக்கூடாது, செங்கல் உயரமாவது வேண்டும். மண் கலவையும் மாற வேண்டும். செம்மண் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க் கழிவு இரண்டு பங்கு என்றால் தண்ணீர் தேங்காது, தூக்கவும் லேசு. அழுத்தி விற்கும் ஐந்து கிலோ நார்க் கழிவுக் கட்டி ஒன்று ஊறினால் சுமார் 70 லிட்டர் வரும். அதைச் சேர்த்துத் தயாராகும் கலவையால் நாலு அங்குலத் தொட்டி இருநூறுக்கு மேல் நிரப்பலாம்.

கம்பெனி ஆர்டர்கள் தனி உலகம். பத்து நாள் முன்னால் அழைத்து முந்நூறு செடி, எல்லாம் ஒரே உயரத்தில் என்பார்கள். விலையைவிட அந்த ஒரே உயரம்தான் கஷ்டம். மணி பிளாண்ட், சிங்கோனியத்தை ஜூலையில் தொட்டிக்கு மூன்று துண்டு என்று ஒரே நாளில் நட்டு வைத்தால் தீபாவளிக்கு ஒரே அளவில் நிறைந்திருக்கும். இசட் இசட் செடியை இலையிலிருந்து வளர்க்க ஒரு வருஷம்கூடப் போதாது, வளர்ந்ததை வாங்கிவிடுவதே லாபம். ஆந்திராவின் நர்சரி ஊரான கடியத்திலிருந்து வரும் லோடில் கிடைக்கும். வந்த செடியை ஒரு வாரமாவது நம் வெயிலுக்கும் நீருக்கும் பழக்கிவிட்டே விற்க வேண்டும். பீங்கான் தொட்டிக்குத் துளை இல்லையென்றால் செடியைப் பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்கி வைப்பது நல்லது. பில் விஷயத்தை முதலிலேயே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்: செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது, தொட்டிக்கு உண்டு. இரண்டையும் ஒரே விலையாக எழுதினால் மொத்தத்துக்கும் வரி கேட்கும் வாய்ப்பு இருக்கிறது.

கல்லா அருகே கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். விலைச்சீட்டை மார்க்கரில் எழுதினால் மழையில் வழிந்துவிடும், பிளாஸ்டிக் சீட்டில் பென்சில் எழுத்து நிற்கும். வேப்பெண்ணெய் தெளிப்பை விற்பனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை பிசுபிசுக்கும், வாசனையும் ஆளை விரட்டும். செடிக்குத் தள்ளுபடி கொடுப்பதைவிட ஒரு கிலோ மண்புழு உரத்தையும் அடித்தட்டையும் சேர்த்துக் கொடுப்பது மேல். அடுத்த மாதம் செடியின் விலையை ஏற்றிச் சொல்லும் சங்கடம் வராது.

பொங்கலுக்குப் பலரும் கடையைக் காலியாக வைத்திருக்கிறார்கள். மஞ்சள் கொத்தைத் தெருவோரத்தில் வாங்கும் அதே ஆட்கள், தொட்டியோடு நிற்கும் மஞ்சள் செடிக்கு இன்னும் நல்ல விலை தருவார்கள். ஒரு அடிப் பையில் விரலிக் கிழங்கு இரண்டு துண்டு, ஜூன் கடைசியில் நட்டால் ஜனவரி நடுவில் இலை பச்சையாக நிற்கும். மே மாதமே நட்டுவிட்டால் அதற்குள் பழுக்கத் தொடங்கிவிடும். நவம்பர் மழையில் இலைப்புள்ளி வந்தால் அந்த இலைகளை அடியோடு நறுக்கி, பைகளை விலக்கி வைத்தால் போதும். விற்காமல் நின்ற பைகளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் காயவிட்டு, பிப்ரவரி கடைசியில் கிழங்கைத் தோண்டி எடுத்தால் விதைக்கிழங்காகவோ சமையல் மஞ்சளாகவோ அதுவும் காசாகிவிடும்.