பஃபரில் ஓடியது, சீரத்தில் தடுமாறியது

அம்மா காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க ஒரு மணி நேரமாகும். அதற்குப் பிறகுதான் காபி டம்ளரைப் பிடிக்க முடியும். முடக்குவாதம் என்று தெரிவதற்கே இரண்டு வருடம் ஆனது. அதுவரை "வயசானா அப்படித்தான்" என்றார்கள். இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டி-சிசிபி எதிர்ப்பொருள், மூட்டு வீங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே பலருடைய ரத்தத்தில் வந்துவிடுகிறது என்று பின்னால்தான் படித்தேன். முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு கேட்டபோது, அதை ஒரு சின்னப் பட்டையில் அளக்கும் பயோசென்சார் செய்கிறேன் என்றேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

குளுக்கோமீட்டர் மாதிரியா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். பாதி அப்படித்தான். 1962-இல் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்த நொதி எலெக்ட்ரோடின் வம்சம்தான் இதுவும். ஆனால் குளுக்கோஸ் நொதியோடு வினைபுரியும், அதிலிருந்தே மின்னோட்டம் கிடைத்துவிடும். எதிர்ப்பொருள் வந்து ஒட்டிக்கொள்வதோடு சரி. அது வந்திருக்கிறது என்று சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். அதற்காக, ஹெச்ஆர்பி நொதியைச் சுமந்த இரண்டாவது எதிர்ப்பொருளை அதன்மேல் ஒட்டவைக்கிறோம். அந்த நொதி வினைபுரியும் டிஎம்பி கரைசலை விட்டதும் அது வேலையைத் தொடங்கும், மின்னோட்டம் ஏறும்.

முதல் நான்கு மாதம் எதுவும் ஏறவில்லை. தங்க எலெக்ட்ரோடின் மேல் கார்பாக்சில் முனையுள்ள மூலக்கூறுகளை அடுக்கி, அவற்றை ஈடிசி, என்எச்எஸ் என்ற இணைப்பு வேதிப்பொருள்கள் கொண்டு தூண்டி, நாம் தேடும் எதிர்ப்பொருள் வந்து ஒட்டும் சிட்ருலின் பெப்டைடை, அதாவது சிட்ருலின் என்ற அமினோ அமிலம் கொண்ட சிறு புரதத் துண்டை, பிணைக்க வேண்டும். எலெக்ட்ரோடைக் கழுவும் முறையை மாற்றினேன், பெப்டைடைப் புதிதாக வரவழைத்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி பஃபர், அதாவது அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் கரைசல். பெப்டைடை நான் ட்ரிஸ் பஃபரில் கரைத்துவந்தேன். பெப்டைடு பிணைவது அதன் அமீன் தொகுதி வழியாக. ட்ரிஸ்ஸிலும் அமீன் உண்டு. பெப்டைடு உட்கார வேண்டிய இடத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொண்டிருந்தது. பாஸ்பேட் பஃபருக்கு மாறிய வாரமே சிக்னல் வந்தது. இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஈடிசி பாட்டிலை ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கையோடு திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும். ஈரம் பட்டால் அது வீண்.

பஃபரில் கலந்த எதிர்ப்பொருளின் அளவு கூடக் கூட மின்னோட்டமும் கூடி, அழகான நேர்கோடு கிடைத்தது. வழிகாட்டியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு, சீரத்துல ஓட்டிட்டு வாம்மா" என்றார்.

சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில், எல்லாரும் நோயாளிகளாகத் தெரிந்தார்கள், நல்ல உடம்புள்ளவர்கள் உட்பட. ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் அல்புமின் என்ற புரதம் மட்டுமே 40 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. நாம் தேடும் எதிர்ப்பொருளோ அந்தக் கூட்டத்தில் ஒரு துளி. மற்ற புரதங்களும் தங்கத்தில் போய் அப்பிக்கொள்கின்றன. எத்தனாலமீன், பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) கொண்டு காலி இடங்களை அடைத்தேன், சீரத்தை நூறு மடங்கு நீர்த்தேன், கழுவும் பஃபரில் சோப்பு மாதிரியான ட்வீன்-20 சேர்த்தேன். ஓரளவு குறைந்தது. உண்மையில் கைகொடுத்தது பக்கத்து எலெக்ட்ரோடுதான். அதில் அதே பெப்டைடு, சிட்ருலின் இருக்கும் இடத்தில் மட்டும் ஆர்ஜினின். இரண்டு பெப்டைடுக்கும் எடையில் ஏறத்தாழ ஒரு டால்டன்தான், அதாவது கிட்டத்தட்ட ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடைதான் வித்தியாசம். நோயாளியின் எதிர்ப்பொருள் அதைக்கூடப் பிரித்தறிகிறது என்பதை முதன்முதலில் திரையில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், சும்மா அப்பிக்கொண்டவற்றின் கணக்கு பெரும்பாலும் போய்விடும்.

ஆனாலும் சில நோயாளிகளின் சீரத்தில் ஆர்ஜினின் எலெக்ட்ரோடும் எகிறியது. மாதிரிப் பட்டியலைப் புரட்டியபோது, அவர்கள் எல்லாருக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் அதிகம். இது இன்னொரு எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள். பெரும்பாலும் ஐஜிஎம் வகை, பிடிப்பதற்குப் பத்துக் கைகள். தங்கத்தில் அப்பியிருக்கும் ஐஜிஜி என்ற சாதாரண எதிர்ப்பொருள் ஒரு கையில், நான் ஊற்றும் ஹெச்ஆர்பி எதிர்ப்பொருள் மறுகையில் என்று பாலம் போட்டுவிடுகிறது. வால்பகுதி நீக்கிய எதிர்ப்பொருள் துண்டை வாங்கினேன். விலை அதிகம்தான், ஆனால் அந்தப் பொய்ச் சிக்னல் அடங்கியது. முடக்குவாதத்துக்குச் சென்சார் செய்கிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. நோயின் ஒரு குறியீடே மற்றொன்றின் அளவீட்டைக் கெடுக்கிறது.

அம்மா தன் ரத்தத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். முடியாது என்றேன். நெறிமுறைக் குழு அனுமதித்த, பெயர் நீக்கிக் குறியெண் மட்டும் இட்ட மாதிரிகளைத்தான் தொட வேண்டும். "அப்ப யாரோ ஒருத்தர் குடுத்திருக்காங்கல்ல, அவங்க நல்லா இருக்கட்டும்" என்றாள்.

இப்போது பட்டைகள் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கிறேன். ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, 4 டிகிரியில் வைத்திருக்கிறேன். ஐந்தாம் வாரப் பட்டை இன்னும் சரியாகக் காட்டுகிறது. ஆறாவதை வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டும்.