ரெண்டு தடவை ஒட்டியும் காற்று நிற்காத பின் டயர்

ஒரே வாரத்தில் மூன்றாவது முறை பின் டயர் இறங்கியது. 28 x 1½ அளவு, சாதாரண ரோட்ஸ்டர் சைக்கிள். கடையில் இரண்டு தடவை பஞ்சர் ஒட்டி வாங்கியும் மறுநாள் காலையில் ரிம் தரையில். ஒட்டியவர் ஓட்டையை அடைத்தாரே தவிர, ஓட்டை போட்டது எது என்று ஒரு தடவைகூடத் தேடவில்லை. அந்த எரிச்சலில்தான் வீட்டிலேயே பிரித்தேன்.

பிரிக்குமுன் வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வால் டியூப் (வால்வுக்குள் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாய்) போய்விட்டது, அதை மட்டும் மாற்றினால் போதும். இங்கே வரவில்லை.

பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. செயின் இல்லாத இடப்பக்கம் டயரை நெம்பி, வால்வு நட்டைக் கழற்றி டியூபை வெளியே உருவலாம். நெம்ப ஸ்க்ரூ டிரைவர் மட்டும் வேண்டாம். அதன் முனை டியூபைக் கிள்ளிப் புது ஓட்டை போடும்.

காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கியதும் விஷயம் தெரிந்தது. பழைய ஒட்டு ஒன்றின் ஓரத்தில் குமிழி. அதற்கு ஒரு விரல் தள்ளிப் புது ஓட்டை. எல்லாம் இரண்டு அங்குலத்துக்குள், டயரைப் பார்த்த பக்கத்தில். அப்படியென்றால் குற்றவாளி டயருக்குள்தான். ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை இருந்திருந்தால் ரிம் டேப்பையும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையையும் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு கீறல் ஜோடியாக இருந்தால், காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் ரிம் இடித்திருக்கிறது.

வால்விலிருந்து ஓட்டை எத்தனை சாண் என்று அளந்து, டயரிலும் அதே தூரத்தில் தேடினேன். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. டயரை உட்புறம் வெளியே வரும்படி மடக்கிப் பஞ்சை இழுத்தபோது ஓரிடத்தில் நூல் சிக்கியது. சீமைக்கருவேல முள்ளின் முறிந்த நுனி, 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளியே வெறும் கறுப்புப் புள்ளி. ஆள் ஏறி டயர் அமுங்கும்போது மட்டும் அது உள்ளே தலைநீட்டும். வெளியிலிருந்து ஊசியால் தள்ளி, உள்ளே குறட்டால் பிடுங்கினேன்.

பழைய ஒட்டு விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் வேறு. டியூபின் மேல் ஓடும் வார்ப்புக் கோட்டைத் தேய்க்காமல் ஒட்டியிருந்தார்கள். அந்த மேட்டின் ஓரமாகக் காற்று கசியும். பழைய ஒட்டின் மேல் இன்னொன்று ஒட்டினால் நிற்காது. அதை உரித்தெடுத்து, இரண்டு ஓட்டைக்கும் சேர்த்துப் பெரிய பேட்சாகப் போடுங்கள். உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்துத் தூசியைத் துடைத்தபின் விரல் படக்கூடாது. சொல்யூஷனைப் பேட்சைவிட அகலமாக, மெல்லிசாக ஒரே பூச்சு பூசி, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரத்தில் ஒட்டுவதுதான் கடைகளில் நடக்கும் பெரிய தப்பு. கரைப்பான் பேட்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பிடிப்பே இருக்காது. ஓரத்தில் தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்ததும் பேட்சின் தாளை உரித்து வைத்து, நடுவிலிருந்து வெளியே ஸ்பேனர் பிடியால் நன்றாக அழுத்துங்கள். சுற்றி மிஞ்சிய பசையில் முகப்பவுடர் தூவினால் டயரோடு ஒட்டாது. வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை, டியூபை மாற்றுங்கள்.

மாட்டும்போது டியூபில் வடிவம் வரும் அளவுக்குக் காற்று இருக்கட்டும். டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிக்கொண்டே வந்து வால்வில் முடித்தால் கட்டைவிரலே போதும், நெம்புகோல் தேவைப்படாது. முடித்ததும் வால்வை ஒரு தடவை உள்ளே தள்ளி இழுங்கள். அடியில் டியூப் மாட்டியிருந்தால் விடுபடும்.

இப்போது பத்து நாளாகக் காற்று நிற்கிறது.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்கு வாரம் ஒருமுறை காற்றடியுங்கள். குறைந்த காற்றில் ஓட்டினால் டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு விழும், டியூபும் உள்ளே நகரும். வால்வு சாய்ந்து நிற்கிறது என்றால் அப்படி நகர்ந்திருக்கிறது. காற்றை இறக்கி, டயரை இரண்டு கையாலும் திருப்பி, வால்வை நேராக்கிவிட்டு அடியுங்கள். அப்படியே விட்டால் அடியில் கிழியும்.