பேர் போகாத நேரத்தில் பெற்றோர் வகுப்பு

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை வளர்ப்பு வகுப்பு வைக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை, "அம்மாமார் வருவதில்லை" என்பதுதான். அறிக்கையிலும் அக்கறைக் குறைவு என்றே எழுதிவிடுகிறார்கள். காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்தால் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்கிற பெண் எப்படி வருவாள்? இறங்கி வந்தால் கொழுந்து குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர். பேர் என்பது ஒருநாள் வேலைக்குப் பதியும் கூலி, அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆன பிறகும் அரைப்பேர் அரைப்பேர்தான். ஒரு வகுப்புக்கு அரைநாள் கூலியை விலையாகக் கேட்டுவிட்டு அவளுடைய அக்கறையை அளப்பது நியாயமே இல்லை.

அதனால் சுகாதாரத் தொண்டரின் முதல் வேலை நேரம் பார்ப்பது. பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்ததும், பிள்ளையைத் தூக்கப் பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) எல்லாரும் வருவார்கள். அங்கே இருபது, இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும், அதற்கு மேல் பிடித்து வைக்கக்கூடாது. பீலியில் (பொதுத் தண்ணீர்க் குழாய்) தண்ணீர் பிடிக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். கைக்காசு வேலை (நாட்சம்பளத்துக்கு வெளியே காசுக்குச் செய்யும் வேலை) இல்லாத ஞாயிறு என்றால் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) இஸ்தோப்பிலேயே, அதாவது முன்திண்ணையிலேயே, நாற்பது நிமிடம் உட்காரலாம். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கூடிவிட்டால் ஞாயிறும் மலைதான். அப்போது புதிய தொடர் வகுப்பைத் தொடங்கினால் இரண்டாம் வாரமே ஆளிருக்காது. சம்பள நாளையும் கோயில் திருவிழா வாரத்தையும் விட்டுவிடுங்கள்.

பகல் நேரத்தில் பாலூட்ட வரும் இளம் தாய்மாரைப் பிடித்துப் பாடம் நடத்தும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம். பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் அவளுக்குச் சட்டம் கொடுத்த உரிமை. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். அது பாலுக்கான நேரம். அந்த இடைவேளை ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று விசாரிப்பதே தொண்டர் செய்யக்கூடிய பெரிய உதவி.

கடன் வசூலிக்க ஆள் வரும் கிழமையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்குக் கதவு திறக்காத வீட்டுக் காம்பராக்கள் இருக்கும். குழுக் கடனில் சிக்கிய பெண்களுக்குக் கையெழுத்துத் தாளைக் கண்டாலே பயம். வந்தவுடன் தாளை நீட்டாமல், அது எதற்கு, யாரிடம் போகும் என்பதைத் தமிழில் வாசித்துக் காட்டி, வகுப்பு முடிந்த பிறகு பெயரைக் குறித்துக்கொள்வது நல்லது. சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவம் என்றால் அதைக் கொண்டுபோகாமல் இருப்பதே மேல்.

தொண்டரைத் தெரிவுசெய்வதில்தான் பல திட்டங்கள் சத்தமில்லாமல் சரிந்துபோகின்றன. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரின் உறவுக்காரப் பெண் ஒருத்தியை மட்டும் போட்டால் மற்றச் சங்கத்து வீடுகள் வராது. மேட்டு லயத்துப் பெண் மட்டும் என்றால் பணிய (கீழ்) லயம் வராது. தோட்டத்தின் ஒரு டிவிஷனுக்கு (பிரிவு) இரண்டு பேர், வேறு வேறு லயத்திலிருந்து வேண்டும். அதில் ஒருவராவது பிள்ளை வளர்த்த அனுபவமுள்ளவராக இருக்கட்டும். துரையிடமும் (தோட்ட மேலாளர்) மிட்வைஃபிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கொழுந்து வேலை கூடிய நாளில் வகுப்பு கலைந்துபோகும்.

அழைக்கப் போகும்போது பாட்டியிடமிருந்து தொடங்குங்கள். தாய் மலையிலோ, கொழும்பிலோ, வெளிநாட்டிலோ இருக்கும் வீட்டில் பிள்ளையை வளர்ப்பது அவர்தான். "அம்மாயி, பேரன் இப்ப என்னென்ன பேசுறான்?" என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். "பிள்ளை வளர்ப்பு பற்றிச் சொல்லித்தர வந்திருக்கோம்" என்றால், "நான் அஞ்சு பிள்ளை வளர்த்தவ" என்று முடித்துவிடுவார். அவர் சொல்வதும் சரிதான்.

வகுப்புக்கு எட்டுப் பத்துப் பேர் போதும், பிள்ளைகளும் மடியிலேயே இருக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு விஷயம். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைக்கு "தவழ இடம் கொடுங்கள்" என்று படம் காட்டுவதில் பயனில்லை. ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலை எடுத்து, கொஞ்சம் பயறு போட்டு, மூடியை இறுக்கி, கழன்று வராதபடி ஒட்டிக் காட்டுங்கள். பயறு வெளியே வந்தால் பிள்ளையின் தொண்டையில் அடைக்கும், அதனால் ஒவ்வொருவரும் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு தாய் போத்தலை ஆட்டுகிறாள், துணிக்குள் மறைக்கிறாள், "எங்க போச்சு?" என்று கேட்கிறாள், பிள்ளை துணியை இழுக்கும்வரை காத்திருக்கிறாள். இந்தக் காத்திருப்பைத்தான் பழக்க வேண்டும். எல்லாருமே அவசரத்தில் தாமே துணியை விலக்கிவிடுவார்கள். தொண்டர் பேசுவது பத்து நிமிடம், மீதி நேரம் தாயும் பிள்ளையும் செய்துபார்க்க.

உணவு பற்றிப் பேசும் நாளில் தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுத்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். திட்டாமல், சாப்பாட்டு நேரத்தில் அதற்குப் பதிலாகக் கொதித்தாறிய தண்ணீர் என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். திரிபோஷ என்ற சத்துமா கொடுக்கும் நாளோடு வகுப்பைக் கட்டாதீர்கள். வகுப்புக்கு வராவிட்டால் பக்கெட் கிடைக்காது என்ற பேச்சு லயம் முழுக்கப் பரவிவிடும். மூன்று நாலு நாளுக்குள் ஒருதடவை வீட்டுப்பக்கம் போய், செய்துபார்த்தார்களா என்று கேட்டால் அடுத்த வகுப்புக்கும் வருவார்கள்.

அப்பாமாரை மறந்துவிடுகிறோம். கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுதல்), உரம் போன்ற வேலைக்குப் போகிற ஆண்கள் பெண்களுக்கு முன்பே வீடு திரும்பிவிடுகிறார்கள், பின்னேரம் சும்மாதான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக, வேறொரு தகப்பனைக் கொண்டு வைப்பது நல்லது.

அடி, குடி பற்றிய பேச்சை முதல் வகுப்புகளில் எடுக்காதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். ஒரு வீட்டுப் பிள்ளையின் எடையைக்கூட இன்னொரு வீட்டில் சொல்லாத தொண்டரிடம்தான் பிறகு ஒருநாள் பீலிக்கரையில் யாராவது வாய் திறப்பார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தொண்டர் தனியே சமரசம் பேசப் போகக்கூடாது. மிட்வைஃபிடம் சொல்லி, சிறுவர் உதவி எண் 1929க்கு அழைக்க வேண்டும். தாய்க்கு ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 1938. இந்த இரண்டு எண்களையும் முதல் வகுப்பிலேயே, எல்லாருக்கும் பொதுவாக, பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.