ஷூ பெட்டியில் சேர்த்த ஒரு மாத உறைகள்

ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில், கிளினிக்குகளுக்கு மருத்துவப் பொருட்கள் விற்கும் சிறிய கம்பெனியில் வரவுக் கணக்கு என் பொறுப்பு. அமெரிக்காவில் இன்னும் நிறைய கிளினிக்குகள் காகிதச் செக்தான் அனுப்புகின்றன. எங்களுக்கு மாதம் சுமார் 6 லட்சம் டாலர் தபாலில்தான் வருகிறது. அது வந்து சேர்வதற்குள் சம்பள நாள் வந்துவிடும். 8 சதவீத வட்டிக்கு வங்கியில் கடன் எடுப்போம். நம் பணம் உறைக்குள் கிடக்க, நாம் வட்டி கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. லாக்பாக்ஸ் எடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "கணக்கு போட்டுக் காட்டு" என்றார்.

லாக்பாக்ஸ் என்றால், வாடிக்கையாளர் செக்கை நம் ஆபீசுக்கு அனுப்பாமல் ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்புவார். பெட்டியைத் திறப்பது வங்கி. செக்கைப் பெரும்பாலும் அன்றே நம் கணக்கில் போட்டு, செக்கையும் பில் துண்டையும் ஸ்கேன் செய்து நமக்கு அனுப்பிவிடும்.

ஒரு மாதம் வந்த உறைகளை எறியாமல் ஷூ பெட்டியில் சேர்த்தேன். தபால் முத்திரைத் தேதி, எங்கள் கைக்கு வந்த தேதி, வங்கியில் போட்ட தேதி மூன்றையும் குறித்தேன். தபால்தான் தாமதம் என்று நினைத்திருந்தேன். 2021 அக்டோபரில் அமெரிக்கத் தபால் துறை, முதல் வகுப்புத் தபாலை (சாதாரணக் கடிதங்களை) கொண்டு சேர்க்கும் கெடுவை 3 நாளிலிருந்து 5 நாள் வரை நீட்டியது அல்லவா? ஆனால் தபாலில் சராசரியாக 4 நாள் போனது என்றால், எங்கள் மேஜையிலேயே 3 நாள் போயிருந்தது. டொலிடோவிலிருந்து வந்த 9,000 டாலர் செக் ஒன்று, பில் எண் எழுதவில்லை என்பதற்காக புதன்கிழமையிலிருந்து அடுத்த செவ்வாய் வரை என் ட்ரேயிலேயே இருந்திருக்கிறது. அந்த உறையைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அப்படியானால் ஆபீசிலேயே செக் ஸ்கேனர் வைத்தால் போதாதா? 2004இல் நடைமுறைக்கு வந்த செக் 21 சட்டத்துக்குப் பிறகு, காகிதத்தை அனுப்பாமல் படத்தை வைத்தே செக் மாற்றலாம். செலவும் குறைவு. ஆனால் நாங்கள் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் லீவில் போனால் உறை மறுபடி ட்ரேயில் குவியும். அதனால் அதை விட்டேன்.

மூன்று வங்கிகளிடம் விலை கேட்டேன். மாதக் கட்டணம் எல்லாரும் குறைவாகத்தான் சொல்வார்கள். அப்புறம் செக்குக்கு இவ்வளவு, ஸ்கேன் பக்கத்துக்கு இவ்வளவு, பில் எண்ணைத் தட்டச்சு செய்ய இவ்வளவு என்று ஏறும். அதனால் "போன மாதம் எங்களுக்கு வந்தது இதுதான், இதற்கு மொத்தம் எவ்வளவு?" என்று ஷூ பெட்டிக் கணக்கையே நீட்டினேன். மாதம் 390 டாலர் சொன்னவர்களைத் தேர்ந்தெடுத்தோம். மேஜையில் போகும் 3 நாளும் தபாலில் ஒரு நாளுமாக 4 நாள் மிச்சமானால் 80,000 டாலர் முன்கூட்டியே கைக்கு வரும். வருட வட்டியில் 6,400 மிச்சம், கட்டணம் 4,680. லாபம் பெரிதில்லை. ஆனால் தினமும் உறை பிரிக்கும் வேலை போகிறதே, அதுவே எனக்குப் போதும்.

விலையைவிட முக்கியமாக நான் கேட்டது ஒன்று. பில்லில் தகராறு இருக்கும்போது, குறைவான தொகைக்குச் செக் எழுதி அதிலேயே "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று சிலர் குறித்து அனுப்புவார்கள். அதை மாற்றிக்கொண்டால் மிச்சத்தை விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடலாம். ஒரு வங்கி, செக்கில் எழுதியிருப்பதை எங்கள் ஆட்கள் படிக்க மாட்டார்கள் என்று நேராகவே சொல்லிவிட்டது. நாங்கள் எடுத்த வங்கி அப்படிப்பட்ட செக்கைத் தனியே எடுத்து எங்களுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன்.

நான் எதிர்பார்க்காத சிரமம் முகவரி மாற்றத்தில் வந்தது. "பணத்தை இனி வேறு முகவரிக்கு அனுப்புங்கள்" என்று கடிதம் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், மோசடிக்காரர்கள் எழுதுவதும் அதையேதான். சந்தேகப்பட்டவர்களிடம், பழைய பில்லில் இருக்கும் எங்கள் எண்ணையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். இரண்டு வாரம் போனிலேயே போயிற்று. மூன்று மாதம் கழித்தும் சிலர் பழைய முகவரிக்கே அனுப்புகிறார்கள். போன வாரமும் டொலிடோ செக் ஆபீசுக்குத்தான் வந்தது. வந்த அன்றே வங்கியில் போட்டுவிட்டு, அவர்களுக்கு மறுபடி போன் செய்தேன்.