லோவெல் நகரத்து ஆலை மணி

அமெரிக்கத் தொழிற்புரட்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில்தான் போய் நிற்கிறது. மெரிமாக் ஆற்றின் நீர்விசையால் தறிகளை ஓட்டுவதற்காக 1820களில் எழுப்பப்பட்ட அந்த ஊருக்கு, அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பண்ணை வீடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தம் கையில் கூலி வாங்குவது அவர்களுக்கு மிகப் புதிய அனுபவம்.

மகளைத் தனியே அனுப்பத் தயங்கிய பெற்றோரை இணங்கவைக்க, ஆலை நிறுவனங்கள் விடுதிகளைக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்பார்வைப் பெண்மணியை அமர்த்தி, இரவு பத்து மணிக்குக் கதவை அடைத்தன. வாரத்துக்குச் சுமார் 73 மணி நேரம் வேலை. நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரம் வேண்டுமென்று சன்னல்கள் மூடியே கிடக்க, அவர்கள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தபடி நின்றார்கள். பண்ணையிலும் உழைப்பு கடுமைதான். ஆனால் அங்கே பொழுதும் பருவமும் பார்த்து வேலை நடந்தது. இங்கே எழுவதும் உண்பதும் உறங்குவதும் மணியோசைக்குக் கட்டுப்பட்டன. தொழிற்புரட்சி கொண்டுவந்த மாற்றங்களில் இதுவே மிக ஆழமானது என்று நான் கருதுகிறேன்.

கட்டுப்படுத்தக் கட்டிய அந்த விடுதிகளே பெண்களை ஒன்றுசேர்த்தன. ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கியவர்கள் ஒருவர் குறையை மற்றவர் அறிந்தார்கள். 1834இல் கூலி குறைக்கப்பட்டபோதும், 1836இல் விடுதிக் கட்டணம் உயர்த்தப்பட்டபோதும் அவர்கள் ஆலையை விட்டு வெளியேறினார்கள். இரண்டாம் போராட்டத்தில், மற்றவர்கள் தயங்கி நின்ற வேளையில், 11 வயதுச் சிறுமி ஹேரியட் ஹான்சன் முதலில் நடக்க, அவளுடன் வேலை செய்தவர்கள் பின்தொடர்ந்தார்கள். விடுதி நடத்திவந்த அவளுடைய விதவைத் தாயை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. அந்தப் பழிவாங்கலை இன்று படித்தாலும் மனம் கொதிக்கிறது.

தாங்கள் அடிமைகளாக மாட்டோம் என்று பாடியபடியே அப்பெண்கள் ஊர்வலம் போனார்கள். அவர்கள் நூற்ற பஞ்சோ, தென் மாநிலங்களில் உண்மையிலேயே அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் பறித்தது.

1845இல் லோவெல் ஆலைத் தொழிலாளி சாரா பேக்லியும் தோழியரும் பத்து மணி நேர வேலைநாள் கேட்டு மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்கள். குழு கையை விரித்தது. பெண்களுக்கும் சிறார்களுக்கும் அந்த வரம்பை விதிக்கும் சட்டம் 1874இல்தான் வந்தது. அதற்குள் லோவெல் தறிகளில் அயர்லாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பெண்கள் நின்றிருந்தார்கள்.